முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்

வாங்கின புதிதில்
ஒழுங்கைக்குள் கார் வருவது எனக்குக் கேட்காது.
சமையலறை ஜன்னலோடு நிற்பேன்;
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
சேந்தன் முதுகுக்குப் பின்னால் நிற்பான்.
ஒருநாள் தேங்காய்ப்பால் முழுக்கக் கொட்டுண்டது.

அரைவாசி பற்றரி, அரைவாசி பெற்றோல்.
விற்றவன் சொன்னான்:
முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் மட்டும்
மூச்சுக் காட்டாது,
அதுக்குப் பிறகுதான் எஞ்சின்.
இரவில் வயரை மாட்டினால்
விடியத் திரும்பவும் முப்பத்தெட்டு.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு எட்டு.
திரும்பிவர எட்டு.
மகளை இறக்கப் பம்பலப்பிட்டியில் சுற்றுவது ஒன்று.
நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள்,
கூட்டல் தன்பாட்டில் நடக்கும்.
பதினேழு.
ஓகஸ்ட் முழுக்கப் பதினேழு.

செப்டெம்பரில் ஒரு செவ்வாய், ஏழரைக்கு,
ஒழுங்கைக்குள் ஒரு உறுமல்.
ஆமை மாதிரி ஊர்கிற கார்
கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுபடுகிறது போலக் கத்துகிறது.
ஓட்டத்துக்கும் சத்தத்துக்கும் ஒரு உறவுமில்லை.
யாருடைய சனியன் என்று எட்டிப் பார்த்தால்
எங்களுடையது.

"என்ன, கார் கத்துது?"
"பற்றரி முடிஞ்சுபோச்சு."
"எங்கை போனனீங்கள்?"
"ஒஃபிசுக்குத்தான்."

பதினேழு ஒருநாளும் முப்பத்தெட்டாகாது.
மீதி இருபத்தொன்றை
இரவு முழுக்கக் கொழும்பின் மேல் வைத்து வைத்துப் பார்த்தேன்.
இராஜகிரிய போய்வரலாம்.
தெகிவளை தாண்டி இரத்மலானை மட்டும் போகலாம்.
நாரஹேன்பிட்டவில்
ஒருத்திக்கு வீடு இருக்கலாம்.
கடலோரம் றெயில் போனது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
அவன் நல்ல நித்திரை.

அடுத்த நாளும் உறுமல். அதற்கடுத்த நாளும்.
மேல்மாடி ஜெசீமா டீச்சர் படியில் மறித்து,
"உங்கட கார் கத்தினாத்தான்
நாங்க இஷாவுக்கு எழும்புற" என்று சிரித்தா.
அதை அவனிடம் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

ஒக்டோபரில் கார் திரும்பவும் ஊமை.
மேசையில் இடியப்பத்தைப் பிய்த்தபடி
பதினேழு, பதினேழு என்று
நம்ப ஆசைப்பட்டேன்.

காட்டிக் கொடுத்தது வாட்சர் சிரிலின் பூனை.
கீழே ஏழு கார் நிற்கும்.
மழை நாளில் அது மோந்து மோந்து
சூடான பொனற்றாகப் பார்த்துப் படுக்கும்.
அன்று எங்களுடையதில்.
குப்பை போட இறங்கினவள் கையை வைத்தேன்.
தோசைக்கல்.

பிறகுதான் கண்டேன்,
கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான்.
அமத்தினால் கறண்டை மிச்சம் பிடிக்கும்.
ஊரெல்லாம் எஞ்சினில் ஓடிவிட்டு
வேண்டின இடத்தில்
நிசப்தத்தைச் செலவழிக்கலாம்.
காலி வீதித் திருப்பத்திலிருந்து எங்கள் வாசல் மட்டும்,
ஒரு முந்நூறு மீற்றருக்காக,
ஒவ்வொரு நாளும் சேமித்து வந்திருக்கிறான்.

பின்சீற்றுக்கு அடியில் ஒரு குடை.
பூப்போட்டது. பொம்பிளைக் குடை.
ஈரம் காயவில்லை.

ஞாயிறு அவன் குளிக்கும்போது போன் அடித்தது.
எடுத்தேன்.
வயதான குரல், சிங்களம்:
"ட்ரைவர் மஹத்தயா, மகே குடே..."
நேற்று மருதானையில் இறங்கினவவாம்.
மழை விட்டிருந்ததாம், மறந்துபோனாவாம்.
ட்ரைவர் நல்ல மனுசனாம்,
மிச்சக் காசை எண்ணித் தந்தவராம்.

குடை இருக்கிறது என்றேன், என் உடைந்த சிங்களத்தில்.
நாளைக்குக் கொண்டுவருவார்.

கோட்டை ஒஃபிஸ் எந்த மாதம் அவனை அனுப்பியது
என்று இன்னும் கேட்கவில்லை.
அன்றிரவு நானே இறங்கி வயரை மாட்டினேன்.
பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.
குடையை முன்சீற்றில் வைத்தேன்,
கைபிடி ஸ்ரியரிங் பக்கம் இருக்கும்படி.

திங்கள் ஏழரைக்கு
ஒழுங்கை முனையிலேயே கேட்டது,
காது கிழிய, ஆமை வேகத்தில்.
ஜெசீமா டீச்சர்
இஷாவுக்கு எழும்பியிருப்பா.